வாசலில் திறந்த பை

முதல் ஞாயிற்றுக்கிழமை வெளியே கிளம்பும்போது அவள் செய்ததை, நான் பல மாதம் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். வெட்கக்கேடு பின்னால் வரும்.

சிங்கப்பூரில், புக்கிட் பாத்தோக்கில் எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டு வாசலை ஒட்டி ஒரு செருப்பு அலமாரி உண்டு. அவள் பணிப்பெண்ணாக எங்களிடம் வந்து ஆறு நாள்தான் ஆகியிருந்தது. லிட்டில் இந்தியாவில் தேக்காவுக்குப் போய் ஊருக்குப் போனில் பேசவும் நாலு சாமான் வாங்கவும் கிளம்பியவள், கைப்பையை அந்த அலமாரிமேல் வைத்தாள். ஸிப்பைத் திறந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். சீப்பு, டிஷ்யூ பாக்கெட், மடக்குக் குடை, பர்ஸ், தண்ணீர் பாட்டில். பையைத் தலைகீழாகப் பிடித்து இரண்டு தடவை உதறினாள். துப்பட்டாவை விரித்துக் காட்டினாள். இரண்டு உள்ளங்கைகளையும் என் பக்கம் நீட்டித் திருப்பினாள். பிறகு எல்லாவற்றையும் உள்ளே அடுக்கிக்கொண்டு, "போயிட்டு வரேன் அக்கா" என்றாள்.

நான் விமான நிலையத்தில் இருபத்தாறு வருடம் பயணிகளின் பைகளைச் சோதித்தவள். போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். பெல்ட்டைக் கழற்றச் சொன்னால் சண்டைக்கு வருகிறவர்கள், ஊறுகாய் பாட்டிலை எடுத்து வைத்தால் சாபம் விடுகிறவர்கள் என்று பார்த்துச் சலித்த கண் இது. கேட்காமலே பையைத் திறந்து காட்டும் ஒரு மனுஷி எனக்கு வரம்போலத் தெரிந்தாள். ஒழுங்கு என்றால் இதுவல்லவா என்று நினைத்தேன்.

ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் மண்டபத்தில் காப்பி குடிக்கும்போது இதைச் சொன்னேன். பக்கத்தில் இருந்த தோழிக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

"என்ன டிரெயினிங் கொடுத்தே நீ? எங்க வீட்டு ஆளுக்கும் கொஞ்சம் சொல்லிக் கொடு லா."

நான் ஏதோ சொல்லிக் கொடுத்தவள் மாதிரியே சிரித்துக்கொண்டேன். இதை எழுதும்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கே ஒரு அறை விடலாம்போல இருக்கிறது.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபத்தெட்டு வயது. செஞ்சிப் பக்கத்தில் ஒரு ஏரிக்கரைக் குடியிருப்பு. வந்த இரண்டாம் நாளே, "நாங்க இருளருங்க அக்கா, பழங்குடி" என்று அவளாகவே சொன்னாள். பின்னால் தெரிந்து, மறைத்துவிட்டாய் என்று யாரும் சொல்லக் கூடாதாம். எனக்கு இருளர் என்றதும் எங்கோ டிவியில் பார்த்தது மட்டும்தான் நினைவுக்கு வந்தது.

"அப்போ பாம்பு பிடிப்பீங்கல்ல? நல்லதாப் போச்சு. இங்க கீழ கால்வாய்ல மலைப்பாம்பு வரும், உன்னைக் கூப்பிடுறேன்."

"அய்யோ, பாம்புன்னா எனக்கு உசுரே போயிடும்க்கா. வந்தா நீங்கதான் என்னைக் காப்பாத்தணும்."

முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் சொன்னாள். எனக்கு அது வேண்டும்தான்.

அவளை நான் வேலைக்கு எடுத்தது என் அம்மாவுக்காக. அம்மாவுக்கு எண்பத்தேழு வயது. பக்கவாதம் வந்து வலப்பக்கம் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. மிச்சம் இருப்பது இடது கையும் கோபமும். கோபம் எங்கள் குடும்பச் சொத்து, எனக்கும் குறைவில்லை. அவளுக்கு முன்னால் வந்த இரண்டு பேர் அம்மா கஞ்சியைத் துப்புவதைப் பொறுக்க முடியாமல் ஏஜண்டிடம் திரும்பிப் போய்விட்டார்கள். நானும் ஊட்டும்போது, வாயைத் திற, முழுங்கு, முழுங்கு என்று அதட்டத்தான் செய்வேன்.

இவள் ஊட்டவே இல்லை. கரண்டியை அம்மாவின் இடது கையில் வைத்துவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அம்மா கஞ்சியை மடியிலும் கழுத்திலும் சக்கர நாற்காலியிலும் சிந்தினாள். அவள் துடைக்க எழுந்திருக்கவில்லை. முதல் கரண்டி வாய்க்குள் போகக் கால் மணி நேரம் ஆனது. எனக்குப் பொறுமை போய், நீயே கொடுத்துத் தொலையேன் என்று கத்தினேன். அவள் என்னைப் பார்த்து விரலை உதட்டில் வைத்தாள். சம்பளம் கொடுக்கிற என்னை! ஆனால் ஒரு மாதத்தில் அம்மா அரைக் கிண்ணம் கஞ்சியைத் தானே குடித்தாள். துப்புவது நின்றுபோனது. இருபத்தாறு வருடம் சீருடையில் நின்று ஆட்களை அதட்டிய எனக்கு, அதட்டாமல் ஒரு காரியம் நடக்கும் என்பதே அப்போதுதான் தெரிந்தது. இந்தப் பெண்ணிடம் என்னமோ இருக்கிறது என்று நான் மலைத்துப்போனேன்.

ஒன்று மட்டும் பிடிபடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் அலமாரியருகே நின்று பையைத் திறந்ததும், கூடத்தில் இருக்கும் அம்மா இடது கையால் நாற்காலியின் கைப்பிடியைப் படபடவென்று அடிப்பாள். முகம் சிவந்துவிடும். இவள் வெளியே போவது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். "சாயங்காலம் வந்துருவா லா, சும்மா இரு" என்று அம்மாவை அடக்குவேன்.

ஏழாவது மாதம், ஒரு புதன்கிழமை காலையில் ஊரிலிருந்து அவளுக்குப் போன் வந்தது. சமையலறையில் நின்று, "சரிங்க வக்கீலம்மா, சரிங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். போனை வைத்துவிட்டுப் பயற்றங்காயை எடுத்து நறுக்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "அக்கா, பதினஞ்சு நாள் ஊருக்குப் போகணும்" என்றாள்.

எனக்கு மூக்குக்குமேல் கோபம் வந்தது. "வந்து ஒரு வருஷம்கூட ஆகல. அம்மாவை யாரு பார்ப்பா? யாராவது செத்துட்டாங்களா?"

"இல்லக்கா. கோர்ட்ல சாட்சி சொல்லணும். அடுத்த மாசம் தேதி குடுத்திருக்காங்க."

கத்தி நிற்கவில்லை. நறுக்கிக்கொண்டே சொன்னாள். எட்டு வருடத்துக்கு முன்னால் பக்கத்து டவுனில் ஒரு வீட்டில் நகை திருடு போயிருக்கிறது. மறுநாள் உச்சி வேளையில் போலீஸ் ஜீப் நேராக ஏரிக்கரைக்கு வந்திருக்கிறது. ஆண்களெல்லாம் அரிசி ஆலைக்குப் போயிருந்தார்கள். ஆண்கள் இல்லையென்றால் பெண்கள் என்று நான்கு பேரை ஏற்றிக்கொண்டு போனார்கள். அதில் ஒருத்தி இவளுடைய சொந்த அக்கா. இவள் ஜீப்புக்குப் பின்னாலேயே ஓடி, காவல் நிலையத்துக்கு எதிரே ஒரு புளியமரத்தடியில் நின்றிருக்கிறாள். பொழுது சாயும் நேரத்தில் அக்காவை வெளியே விட்டார்கள். அக்காவால் நடக்க முடியவில்லை.

உள்ளே நடந்ததை அவள் ஒரே வரியில் சொன்னாள். அதை நான் எழுதப்போவதில்லை. அது அவள் அக்காவுக்குச் சொந்தமானது.

"எங்க ஆளுங்கள்ல அன்னைக்கு எழுதத் தெரிஞ்சவ நான் ஒருத்திதான்க்கா. பத்தாவது முடிச்சிருந்தேன். அங்கயே ரோட்டோரம் உட்கார்ந்து எல்லாத்தையும் எழுதிட்டேன். ஜீப் நம்பர், எத்தனை மணி, யாரு யாரு உள்ள போனாங்க, சட்டையில என்ன பேரு குத்தியிருந்துச்சு, எல்லாம். அந்தக் காகிதத்தை வச்சுத்தான் கேஸு."

"மத்த மூணு பேரு?"

"ஒண்ணும் நடக்கலன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. பயம். அவங்களைத் தப்பு சொல்ல முடியாது. எங்க அக்கா நடந்ததைச் சொன்னா, பொய்யின்னுட்டாங்க. வெளிய நின்னு பார்த்தது நான் மட்டும்தான். நான் போகலன்னா கேஸ் விழுந்துரும்."

நான் உடனே நெகிழ்ந்துபோனேன் என்று எழுத ஆசைதான். உண்மையில், வீடியோவில் சொல்ல முடியாதா என்று கேட்டேன். வக்கீலம்மா நேரில் நின்று சொல்வதுதான் நல்லது என்றாராம். இரண்டு மாதம் தள்ளிப்போட முடியாதா என்றேன். எட்டு வருடமாகத் தள்ளிப்போய்த்தான் இந்தத் தேதி வந்திருக்கிறது என்றாள். போனால் உன்னை ஏதாவது செய்துவிட்டால் என்றேன்.

"பயமாத்தான்க்கா இருக்கு. எழுதுனப்பவும் பயமாத்தான் இருந்துச்சு. கையெழுத்து பாருங்க, கோணல் கோணலா இருக்கும்."

அப்போதுதான் எனக்கு அந்தப் பையின் நினைவு வந்தது. ஏன் வந்தது என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பையைத் திறந்து காட்டுகிறாயே, அது யார் பழக்கியது என்று கேட்டேன்.

"எங்க அம்மா. எங்க பொம்பளைங்க எல்லாருக்கும் அது உண்டுக்கா. எந்த வீட்டுல, எந்தக் கழனியில வேலை செஞ்சாலும், கிளம்பும்போது முந்தானைய உதறிக் காட்டிட்டுத்தான் வரணும். கேட்கறதுக்கு முன்னாடி நாமளே காட்டிட்டோம்னா, மேல கை வைக்க மாட்டாங்க."

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "நானும் அந்த வேலைதானே செஞ்சேன்? அமைச்சர் வந்தாலும் பையைக் காட்டித்தான் போகணும்" என்றேன்.

"அங்க எல்லாரும் காட்டுறாங்கல்ல அக்கா" என்றாள். வேறொன்றும் சொல்லாமல் பயற்றங்காயை அள்ளிக் கழுவப் போய்விட்டாள்.

வெள்ளைக்காரர்கள் ஆண்ட காலத்தில் சில சாதிகளும் பழங்குடிகளும் பிறவியிலேயே திருடர்கள் என்று ஒரு சட்டம் இருந்தது. குற்றப் பரம்பரைச் சட்டம். பட்டியலில் பெயர் ஏறிவிட்டால் ஒன்றும் செய்யாத ஆண்களும் ராத்திரி காவல் நிலையத்துக்குப் போய்க் கைநாட்டு வைக்க வேண்டும். வீட்டில் பெண்களை மட்டும் விட்டுவிட்டுப் போக வேண்டும். அவளுடைய ஆட்களின் பெயர் அந்தப் பட்டியலில் இருந்ததா என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சட்டம் ஒழிந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. ஆனாலும் டவுனில் ஒரு நகை காணாமல்போனால் ஜீப்புக்கு ஏரிக்கரை வழி தானாகத் தெரிகிறது. இதையெல்லாம் நான் பிறகு தேடிப் படித்தேன். அன்றைக்கு எனக்குத் தோன்றியது வேறு ஒன்று.

என் அம்மா பதினெட்டு வயதில் காத்தோங்கில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் ஆயாவாக இருந்தாள். சாயங்காலம் சமையலறைக் கதவு வழியாக வெளியே வரும்போது, துணிப்பையின் வாயை விரித்து வீட்டு எஜமானி மேமிடம் காட்ட வேண்டும். ஒருநாள் வெள்ளிக் கரண்டி ஒன்றைக் காணவில்லை. பையில் இல்லையென்றதும் மேம் அம்மாவின் இடுப்புத் துணியை அவிழ்க்கச் சொல்லித் தேடினாராம். கரண்டி கடைசியில் நாய்ப் படுக்கையில் கிடந்ததாம். எங்கள் வீட்டில் ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் யாராவது இந்தக் கதையைச் சொல்லுவோம். நாய்ப் படுக்கை வந்ததும் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்போம். அம்மா சிரித்தாளா? எவ்வளவு யோசித்தும் எனக்கு நினைவு வரவில்லை.

நான் கூடத்துக்குப் போய் அம்மாவைப் பார்த்தேன். இடது கை கைப்பிடியின்மேல் இருந்தது. ஏழு மாதமாக ஒவ்வொரு ஞாயிறும் அந்தக் கை அடித்தது எதற்காக என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. என் வீட்டு வாசலில், என் கண் முன்னால், நான் மேமாக நின்றிருக்கிறேன். அம்மா பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் சும்மா இரு என்று அதட்டியிருக்கிறேன்.

அம்மாவின் காலடியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். அம்மா என் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். ஆறுதலா, கோபமா, தெரியாது. இரண்டும் எனக்குத் தேவையாகத்தான் இருந்தது.

அடுத்த ஞாயிறு அவளிடம், "இனிமே இந்த வீட்டுல நீ பையைத் திறக்கக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொன்னேன். சரிக்கா என்று தலையாட்டிவிட்டு, வாசலுக்குப் போனதும் ஸிப்பைத் திறந்துவிட்டாள். நான் முறைத்தேன்.

"கை தானா போகுதுக்கா. திட்டாதீங்க."

ஊருக்குக் கிளம்பிய அன்றும் அப்படித்தான். பெட்டியைக் கட்டி முடித்திருந்தவள், டாக்ஸி கீழே வந்துவிட்ட பிறகு, வாசலில் மண்டியிட்டு அதைத் திறந்து துணிகளை விலக்கிக் காட்டினாள். அம்மா கைப்பிடியை அடித்தாள். நான் குனிந்து பெட்டியை மூடினேன். இவ்வளவு பயத்தைச் சுமந்துகொண்டு இவள் எப்படிக் கோர்ட்டு வாசலை மிதிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். ஊரில் அவளுடைய சித்தப்பாவே, கேஸை விட்டுவிடு, போலீஸ்காரர்கள் வீட்டுமனை தருகிறோம் என்கிறார்கள் என்று தூது வந்திருந்தாராம். போகாமல் இருந்துவிட அவளுக்கு நூறு காரணம் இருந்தது. என் அம்மாவையே ஒரு காரணமாக நான் வேறு கொடுத்திருந்தேன். போனாள்.

அந்த இரண்டு வாரம் அம்மாவுக்குக் கஞ்சி கொடுத்தது நான்தான். கரண்டியை அம்மா கையில் வைத்துவிட்டுக் காத்திருந்தேன் என்று பீற்றிக்கொள்ள மாட்டேன். முதல் மூன்று நாள் காத்திருந்தேன். நாலாம் நாள் ஊட்டிவிட்டேன். அம்மா துப்பினாள்.

சாட்சி சொன்ன அன்று சாயங்காலம் அவள் போன் செய்தாள். பின்னால் பஸ் ஹாரன் சத்தம்.

"சொல்லிட்டேன்க்கா. காலையில கூண்டுல ஏத்துனாங்க, சாயங்காலம்தான் எறக்குனாங்க."

"என்ன கேட்டாங்க?"

"போலீஸ்காரங்க வக்கீலு, உங்க ஆளுங்க பரம்பரையா திருடுறவங்கதானே, உங்க தாத்தா மேல கேஸ் இருந்துச்சான்னு கேட்டாரு. எங்க தாத்தாவை விடுங்க ஐயா, நான் எழுதுனதைப் பத்திக் கேளுங்கன்னேன். ஜட்ஜ் ஐயா அதையே கேளுங்கன்னுட்டாரு. காகிதத்தைக் காட்டினாங்க. என் எழுத்துதான். எல்லாத்தையும் ஒண்ணு விடாம சொன்னேன். அந்தப் போலீஸ்காரனும் அங்கதான்க்கா நின்னுட்டிருந்தான். அவனைப் பார்த்துத்தான் சொன்னேன்."

அவளே தொடர்ந்தாள்.

"அக்கா, இன்னொண்ணு. உள்ள போறப்ப கேட்டுல ஒரு பொம்பளை போலீஸ் பையைக் காட்டுன்னாங்க. என் கை ஸிப்புக்குப் போயிடுச்சு. அப்புறம் திரும்பிப் பார்த்தேன். எனக்கு முன்னாடி அவங்க ஆளுங்க ஆறு பேரு போனாங்க, ஒருத்தரையும் பார்க்கல. பின்னாடி வந்தவங்களையும் பார்க்கல. எங்க அக்கா பையையும் என் பையையும் மட்டும்தான் கேட்டாங்க. எல்லார் பையையும் பாருங்கம்மா, நான் முதல் ஆளா காட்டுறேன்னு சொன்னேன். பைய இறுக்கிப் புடிச்சுக்கிட்டு அப்படியே நின்னுட்டேன்க்கா."

"அப்புறம்?"

"சரி, உள்ள போன்னு விட்டுட்டாங்க."

இருபத்தாறு வருடத்தில் என் வரிசையில் எத்தனையோ பேர் பையைக் காட்ட மறுத்துக் கூச்சல் போட்டிருக்கிறார்கள். பெரிய பதவிக்காரர்கள், பணக்காரர்கள். ஒருத்தர்கூட எல்லோருக்கும் ஒரே சட்டம் வை, முதலில் நான் காட்டுகிறேன் என்று சொன்னதில்லை. நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே யாருக்குச் சொல்வது என்று தெரியாமல், அம்மாவிடம் போய் முழுக்கச் சொன்னேன். அம்மா கவனமாகக் கேட்டாள். பிறகு இடது கையை நீட்டினாள். கரண்டியைக் கேட்கிறாள் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

தீர்ப்பு இன்னும் வரவில்லை. அடுத்த தேதி, அதற்கடுத்த தேதி என்று போய்க்கொண்டிருக்கிறது. அவள் சொன்னது பதிவாகிவிட்டது, அதை இனி யாரும் அழிக்க முடியாது என்று வக்கீலம்மா சொல்லியிருக்கிறாராம். அவள் அக்கா இப்போதெல்லாம் காவல் நிலையச் சாலை வழியாகவே சந்தைக்குப் போகிறாளாம். எட்டு வருடமாக அந்தச் சாலையை அவள் மிதித்ததில்லை.

ஒரு வியாழக்கிழமை அவள் திரும்பி வந்தாள். அம்மாவின் கன்னத்தைத் தடவிப் பார்த்து, "பெரியம்மா மெலிஞ்சுட்டாங்க" என்று என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் குற்றவாளிபோல நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. தேக்காவுக்குக் கிளம்பினாள். புதுச் சுடிதார், அதே பழைய பை. நான் வழக்கம்போலச் செருப்பு அலமாரியருகே நின்றிருந்தேன். அவள் குனிந்து செருப்பை மாட்டினாள். பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். "போயிட்டு வரேன் அக்கா, வரேன் பெரியம்மா" என்று சொல்லிவிட்டு நடந்தாள். ஸிப் மூடியே இருந்தது.

கூடத்தில் அம்மாவின் கை அசையவில்லை. லிஃப்ட் கதவு மூடும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் கவனித்தேன். நான் இன்னும் அலமாரியருகேதான் நின்றுகொண்டிருந்தேன். அவள் பையை வைத்துத் திறக்கும் இடத்தை என் கை தானாகவே ஒதுக்கிச் சுத்தமாக வைத்திருந்தது.